ஒரு பேர்ச்சஸ் என்ன விலை என்று மட்டும்தான் கேட்கிறோம்

நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் மூன்று நாளாக ஓடும் சண்டைக்குத் துண்டு துண்டாகப் பதில் போட்டுக் களைத்துவிட்டோம். அதனால் படிப்பிக்கிற நாங்கள் சிலர் சேர்ந்து முழுவதையும் இங்கே எழுதுகிறோம்.

விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அலுவிகாரையில் எங்கள் வீடுகளுக்கு மேலே சரிவில் இருக்கும் அந்த மிளகு, சாதிக்காய்த் தோட்டம் துண்டு போட்டு விற்கப்படப் போகிறது. பதினைந்து ஏக்கர். அதைக் குடியிருப்பு வலயமாக மாற்றக் கேட்டிருக்கிறார்கள் என்று கதை. நாங்கள் கேட்டது ஒரே கேள்வி: அந்தச் சரிவு முழுவதற்கும் சேர்த்துச் சுற்றாடல் மதிப்பீடு செய்தார்களா?

அதற்கு வந்த பதில்கள் இரண்டு. "எங்கட ஆக்கள் வீடு கட்டப் போனா மட்டும் உங்களுக்குச் சுற்றாடல் ஞாபகம் வருது." மற்றது, "சேர்மாருக்கு வீடு இருக்கு, அதான் இப்படிக் கதைக்கிறாங்க."

இரண்டாவதில் பாதி உண்மை. எங்களில் சிலருக்கு வாப்பா காலத்து வீடு இருக்கிறது. மற்றவர்கள் வாடகைக்கு இருக்கிறோம், அந்தத் தோட்டத்தில் ஒரு துண்டு கிடைக்காதா என்று நாங்களும் விலை விசாரித்தோம். பள்ளிக்குக் கிட்ட, பாடசாலைக்குக் கிட்ட காணி இல்லை. ஒரே வீட்டில் மூன்று குடும்பம், மூன்று அடுப்பு. பிள்ளைகள் ஓ.எல். பரீட்சைக்கு குசினி மேசையில் படிக்கிறார்கள். ஒரு மகள் பிறந்த நாளிலிருந்து வாப்பாவின் தலையில் காணி யோசனை. இந்த ஊருக்கு வீடு வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு என்ன பைத்தியமா?

வீடு வேண்டும். கேள்வி, அந்த வீடு எதன் மேல் நிற்கப்போகிறது, அதன் தண்ணீர் யார் வீட்டுக்குள் வரப்போகிறது என்பதுதான்.

ஒன்பதாம் தரப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற கணக்கு ஒன்று. ஒரு ஏக்கர் 160 பேர்ச்சஸ். பதினைந்து ஏக்கர் 2400 பேர்ச்சஸ். பாதைக்கும் பொதுத் தேவைக்கும் விட்டுப் பார்த்தாலும் 10 பேர்ச்சஸ் வீதம் 180 வீடு வரும். வீட்டுக்கு 1200 சதுர அடிக் கூரை என்று வையுங்கள். 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு கூரையில் விழுவது 11,000 லீற்றருக்கு மேல். 180 கூரைக்கும் சேர்த்து 20 இலட்சம் லீற்றர். பத்தாயிரம் லீற்றர் பவுசர் 200 வரிசையில் வந்து ஊருக்கு மேலே திறந்துவிட்டது மாதிரி. இன்று அந்த மழையில் பெரும் பங்கைச் சாதிக்காய் மரமும் உக்கிய சருகும் மண்ணும் மெல்ல மெல்லக் குடிக்கின்றன. நாளைக்குக் கூரை, சீமெந்து முற்றம், கொங்கிரீட் பாதை. தண்ணீர் ஓடத்தான் செய்யும். எங்கே? ஏ9 வீதியோரக் கானுக்கும், அதற்கு முன்னால் கீழே இருக்கும் எங்கள் முற்றங்களுக்கும். அந்தக் கான் இப்போதே சாதாரண மழைக்கு நிரம்பி வழிவதை ஜும்ஆவுக்குப் போகும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடந்தவர்கள் அறிவார்கள்.

கான் மட்டுமல்ல. 180 வீட்டுக்கு 180 மலசலகூடக் குழி. வீட்டுக்கு ஐந்து பேர், ஆளுக்கு நாளைக்கு 100 லீற்றர் என்று வைத்தாலும், நாளொன்றுக்கு 90,000 லீற்றர் கழிவுநீர் அந்தச் சரிவின் வயிற்றுக்குள் இறங்கும். மழை இல்லாத நாளிலும் இறங்கும். மண் நனைந்துகொண்டே இருந்தால் அதன் பிடிப்பு தளர்கிறது. சரிவை வெட்டித் தட்டையாக்கி, மேலே பாரம் ஏற்றி, உள்ளே தண்ணீரும் ஊற்றினால் என்ன நடக்கும் என்று சொல்ல விஞ்ஞானி தேவையில்லை. கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இடைவெளி வேண்டும் என்பது எல்லோரும் கேட்டது. 6 பேர்ச்சஸ் துண்டு என்பது நாற்பதடிக்கு நாற்பதடி. உங்கள் கிணற்றை உங்கள் குழியிலிருந்து எப்படித் தள்ளி வைப்பீர்கள்? பக்கத்து வீட்டுக் குழியிலிருந்து?

"அல்லாஹ் போதுமானவன், ஒன்றும் நடக்காது" என்கிறார் ஒரு ஹாஜியார். தவக்குல் வேறு, கண்ணை மூடிக்கொள்வது வேறு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் மௌத்தானார்கள். கண்டி, நுவரெலியா, பதுளையோடு எங்கள் மாத்தளை மாவட்டத்திலும் மலை சரிந்தது. அந்த இரவுகளை அதற்குள் மறந்துவிட்டோமா? கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயன்கள் மண்ணுக்குள் போனதே, அங்கே ஆபத்து இருக்கிறது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தார்கள். அறிவு இருந்தது. வேறு இடத்தில் வீடுதான் வரவில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம், ஏனென்றால் "எல்லாம் சட்டப்படிதான் நடக்குது" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். பிரச்சினையே அதுதான்.

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தில், 1988 இல் செய்த திருத்தத்தால்தான் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வந்தது. எந்தெந்தத் திட்டத்துக்கு அது வேண்டும் என்ற பட்டியல் 1993 ஜூன் 24 இன் 772/22 இலக்க வர்த்தமானியில் இருக்கிறது. வீடமைப்பு என்றால் 1000 வீட்டுக்கு மேல். எங்கள் தோட்டத்தில் வருவது 180. ஆக, மதிப்பீடு தேவையில்லை. பக்கத்துத் தோட்டத்தில் இன்னொருவர் 150 போடலாம், அதற்கும் தேவையில்லை. மலை முழுவதையும் இப்படியே தின்று முடிக்கலாம், ஒரு நாளும் 1000 வராது. நாள் சம்பளத்தைத் துண்டு துண்டாகக் கொடுத்து ஈ.பி.எஃப். கட்டாமல் தப்புகிற முதலாளிமாரைப் பார்த்திருக்கிறோம் அல்லவா, அதே வித்தை.

ஆனால் அதே வர்த்தமானியில் மூன்றாம் பகுதி என்று ஒன்று உண்டு. மண் காப்புச் சட்டத்தின் கீழ் அரிப்புக்குள்ளாகும் பிரதேசமாக அறிவித்த இடம், தொல்பொருள் ஒதுக்கம், பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம், காட்டு எல்லையிலிருந்து 100 மீற்றர், இப்படியான இடங்களுக்குள் ஒரு பகுதியாவது விழுந்தால் 1000 என்ற கணக்கு செல்லாது, சிறிய திட்டமும் மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்ட குகை விகாரை இருக்கிற ஊர் இது. எங்கள் சரிவின் ஏதாவது ஒரு மூலை அந்தப் பகுதிக்குள் வருகிறதா? நில அளவை வரைபடத்தை மேசையில் விரித்து ஒரு பின்னேரம் பார்த்தால் தெரிந்துவிடும். அந்தப் பின்னேரத்தை ஒதுக்கத்தான் யாரும் இல்லை.

"தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்க்கும்தானே?" பார்க்கும். மலைநாட்டு மாவட்டங்களில் வீட்டு அனுமதிக்கு அவர்களின் மண்சரிவு அறிக்கை வேண்டும், நல்ல ஏற்பாடு. ஆனால் அவர்களிடம் போவது ஒவ்வொருவராக, அவரவர் பத்துப் பேர்ச்சஸோடு. 47 ஆம் இலக்கத் துண்டுக்குத் தாங்குசுவர் கட்டு என்று எழுதித் தருவார்கள். 180 துண்டின் தண்ணீரும் சேர்ந்து எங்கே போகும் என்பது எந்தத் துண்டின் கேள்வி? யாருடையதும் இல்லை. அதற்குள் விற்றவர் காசை எண்ணிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போயிருப்பார். தாங்குசுவரை யார் கட்டுவது? கடன் பட்டுக் காணி வாங்கி, அத்திவாரத்தோடு காசு முடிந்து நிற்கிற எங்கள் சகோதரர்.

முதலாவது பதிலுக்கு வருகிறோம், "எங்கட ஆக்கள்" என்ற பதிலுக்கு. அந்த வலி எங்களுக்கும் உண்டு. சுற்றாடல் என்ற சொல்லை முஸ்லிம்களுக்கு எதிரான தடியாகச் சுழற்றியதை வில்பத்து விஷயத்தில் நாடே பார்த்தது. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை விரட்டினார்கள். யுத்தம் முடிந்து முசலிப் பக்கம் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி மக்கள் திரும்பியபோது ஊர் காடாகியிருந்தது. 2012 ஒக்டோபரில் அந்தப் பகுதிக் காடு ஒதுக்குக் காடாக வர்த்தமானியில் வந்தது. பிறகு அதிலிருந்தே மீள்குடியேற்றத்துக்குக் காணி விடுவித்தார்கள். நூறு குடும்பத்துக்கு மேல் மீள்குடியேற்றினால் மதிப்பீடு வேண்டும், ஒரு ஹெக்டயருக்கு மேல் காட்டை வேறு பாவனைக்கு மாற்றினாலும் வேண்டும். அது இல்லாமல் செய்தார்கள் என்பது வழக்குப் போட்டவர்களின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2020 நவம்பர் 16 ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் காடழிப்பு சட்டவிரோதம் என்று தீர்த்து, மீண்டும் மரம் நடும் செலவை ரிஷாட் பதியுதீன் ஏற்க வேண்டும் என்றது.

அந்தத் தீர்ப்பை வைத்து யார் என்ன அரசியல் செய்தார்கள் என்பது வேறு கதை. எங்களுக்கு அதில் வலிப்பது இன்னொன்று. இருபது வருடத்துக்கு மேல் அகதியாக இருந்த மக்களிடம் காணியைக் கொடுத்த அதிகாரிகள், அதோடு கொடுக்க வேண்டிய கடதாசியைக் கொடுக்கவில்லை. ஒழுங்கான மதிப்பீடு ஒன்று நடந்து, இந்த இடம் சரி, இந்த இடம் கூடாது, பதிலாக இங்கே குடியேற்றுங்கள் என்று எழுதியிருந்தால் அந்த மக்களுக்குக் கையில் ஒரு கேடயம் இருந்திருக்கும். இருந்தது அரசியல்வாதியின் வாய்வார்த்தை மட்டும். மதிப்பீடு எங்களுக்கு எதிரி என்று நினைப்பவர்கள் இதை இரண்டு தரம் யோசியுங்கள். கடதாசி இல்லாமல் கட்டிய வீட்டில் சிறுபான்மைக்காரனுக்குத் தூக்கம் வராது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, மறைக்க மாட்டோம். அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரம், ஒரு வீடு மட்டும் கட்டலாம் என்றிருந்த காணிகளில் மூன்று வீடு வரை கட்டலாம் என்று திட்டத்தை மாற்றியது. சுற்றாடல் பாதிக்கும் என்று 2018 இல் வழக்குப் போட்டார்கள், நீதிமன்றம் திட்டத்தை இடையில் நிறுத்தியது. கடைசியில் 2024 இல் மாநில சட்டமன்றம் சட்டத்தையே திருத்தித்தான் வழி விட்டது. வீடு இருப்பவன் வீடு இல்லாதவனைத் தடுக்கும் மதிலாகவும் மதிப்பீடு மாறலாம். அதை நாங்கள் கேட்கவில்லை.

நாங்கள் கேட்பது, வலயத்தை மாற்றுவதற்கு முன்பு, ஒரே ஒரு தரம், முழுச் சரிவுக்கும். அதன்பிறகு அதற்குள் வீடு கட்டுகிற ஏழையை ஒவ்வொரு மேசையாக அலைக்கழிக்கவே வேண்டாம். இது நடக்காத காரியமும் இல்லை. யுத்தத்துக்குப் பிறகு வட மாகாணம் முழுவதற்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபை அப்படியான மூலோபாய மதிப்பீடு ஒன்றைச் செய்து 2014 இல் வெளியிட்டது. ஒரு மாகாணத்துக்கு முடிந்தது ஒரு பதினைந்து ஏக்கருக்கு முடியாதா?

அறிக்கை தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். பள்ளிவாசலிலும் விகாரையிலும் கோவிலிலும் வைக்க வேண்டும், ஏனென்றால் தண்ணீர் கீழே வரும்போது யாருடைய வீடு என்று கேட்டு வராது. தணிப்பு நடவடிக்கை என்று எழுதினால் போதாது. சுது கங்கை வரைக்கும் போகும் பெரிய கான், மழைநீர் தங்கி இறங்கக் குட்டை, எல்லா வீட்டுக்கும் பொதுவான கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, செங்குத்தான மேல் பகுதியில் மரத்தை அப்படியே விடுவது, இவை முதல் துண்டு விற்பதற்கு முன்பு முடிய வேண்டும். அதற்கான காசை விற்பவர் முதலிலேயே கட்டிவைக்க வேண்டும். வேலை முடிந்ததை யார், எந்தத் திகதியில் வந்து பார்ப்பார் என்றும் எழுதியிருக்க வேண்டும். பேர்ச்சஸ் விலை கூடும் என்பார்கள். கூடட்டும். இப்போது குறைந்த விலைக்கு விற்பதன் மீதியைக் கீழ்வீட்டுக்காரன்தான் கட்டுகிறான்.

இன்னொன்று எங்களுக்கே கசக்கும். அடர்த்தியாகக் கட்டுவது தப்பில்லை, சரிவில் பரப்பிக் கட்டுவதுதான் தப்பு. கீழே தட்டையான இடத்தில் மூன்று மாடி, நான்கு மாடி கட்டினால் அதே 180 குடும்பமும் கால்வாசிக் காணியில் அடங்கும், தோட்டத்தில் பாதி மிஞ்சும். ஆனால் "ஃபிளட் வீடா, மகளுக்கா?" என்று முகம் சுளிக்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் முதலில் கேட்பது எத்தனை பேர்ச்சஸ் என்று. இதை நிகாஹ் பேச்சிலிருந்து எடுக்காமல் மலையைக் காப்பாற்ற முடியாது. எங்கள் ஆசிரியர் குடும்பங்களிலும் இதே கதைதான், வெளியில் காட்டிக்கொள்வதில்லை.

வருகிற வியாழன் அஸருக்குப் பிறகு பள்ளி மேல்மாடியில் கூடுகிறோம். விகாரைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தோட்டத்தின் நில அளவை வரைபடப் பிரதி யாரிடமாவது இருந்தால் கொண்டுவாருங்கள். முற்பணம் கட்டியவர்கள் பயப்படாமல் வாருங்கள், உங்கள் பற்றுச்சீட்டையும் எடுத்து வாருங்கள். அதில் கான், பாதை, தண்ணீர் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் அதைத்தான் வாசிக்க இருக்கிறோம்.