வெள்ளம் தாங்கும் விதைநெல் ஆடிக்கு முன்பே கிடைக்க வேண்டும்

ஐப்பசி பிறந்தால் தலைஞாயிறு, திருத்துறைப்பூண்டி, கொள்ளிடம் பக்கத்துக் கடைமடை விவசாயிகளுக்குத் தூக்கம் போய்விடுகிறது. நட்டு ஒரு மாதமான சம்பா பயிர் தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கும். வளவனாறும் அடப்பாறும் நிரம்பி ஓட, கடல் ஏற்றத்தில் முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. ஒரு வாரம் வடியாவிட்டால் பயிர் அழுகிவிடும். பிறகு கணக்கெடுப்பு. 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் என்று எழுதினால்தான் நிவாரணம். 2022-26 காலத்துக்கான பேரிடர் நிவாரண விதிப்படி பாசனப் பயிருக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய். ஏக்கருக்கு ஏழாயிரம்கூட வராது. செய்த செலவுக்கே அது காணாது.

இந்த இழப்பில் ஒரு பகுதியையாவது தடுக்கும் விதை நம்மிடமே இருக்கிறது. காவிரி டெல்டா விவசாயிகளுக்குப் பல ஆண்டுகளாகப் பழகிய சி.ஆர். 1009 நெல்லில் வெள்ளம் தாங்கும் குணத்தை ஏற்றி, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய சி.ஆர். 1009 சப்1 அது.

அந்தக் குணம் ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ ரகத்திலிருந்து வந்தது. சாதாரண நெல் தண்ணீரில் முங்கியதும் காற்றைத் தேடி வேகமாக நீளும். சேர்த்து வைத்த மாவுச்சத்தெல்லாம் அதில் தீர்ந்துபோக, வெள்ளம் வடிந்ததும் சாய்ந்து மடியும். சப்1 என்ற இந்தக் குணம் உள்ள பயிர் நீளாமல் அடங்கிக் கிடந்து சத்தைச் சேமிக்கும். இரண்டு வாரம் வரை தாங்கி, தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும். காட்டுயானம் என்ற நம் நாட்டு நெல் தண்ணீருக்கு மேலே ஓங்கி வளர்ந்து தப்பிக்கிறது. சப்1-ன் வழி அதற்கு நேர் எதிரானது. இந்தக் குணத்துக்குக் காரணமான மரபணுவை டேவிட் மெக்கில், பமேலா ரொனால்டு உள்ளிட்டோர் 2006-ல் அடையாளம் கண்டு வெளியிட்டார்கள்.

முன்பெல்லாம் எந்தச் செடி வெள்ளம் தாங்கும் என்றறிய ஒவ்வொரு தலைமுறையையும் தண்ணீரில் மூழ்கடித்துப் பார்க்க வேண்டும். மரபணு இருப்பதைக் காட்டும் மூலக்கூறு குறிப்பான்கள் வந்தபின் நாற்றிலேயே ஓர் இலைத்துண்டைக் கிள்ளி டி.என்.ஏ.வைப் பரிசோதித்தால் போதும். சப்1 உள்ள நாற்றுகளை மட்டும் பொறுக்கி, மறுபடி மறுபடி பழைய ரகத்தோடே இனக்கலப்பு செய்வார்கள். கடைசியில் கிடைப்பது அதே அரிசி, அதே வயது, அதே மகசூல். கூடுதலாக வெள்ளம் தாங்கும் குணம். இது மரபணு மாற்றுப் பயிர் அல்ல. அந்தப் பயத்தில் ஒதுங்கும் விவசாயிகளுக்கு இதை வயல்வெளியிலேயே போய்ச் சொல்ல வேண்டும்.

இதன் எல்லையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நேரடி விதைப்பில் முளை விடும்போது முங்கினால் இது காப்பாற்றாது. 2021 ஜனவரியில் அறுவடைக்கு நின்ற கதிர்கள் மழையில் சாய்ந்து முளைத்தனவே, அதற்கும் இது மருந்தல்ல. மாதக்கணக்கில் தேங்கும் நீரிலும் நிற்காது. வெங்காயத்தாமரை அடைத்த வடிகால்களைத் தூர்வாரும் பொறுப்பிலிருந்து நீர்வளத் துறையினர் இந்த விதையைக் காட்டித் தப்ப முடியாது.

இன்னொரு சிக்கல், சி.ஆர். 1009 ஐந்து மாதத்துக்கும் மேற்பட்ட வயதுடையது. மேட்டூர் தண்ணீர் கடைமடைக்கு வர ஆவணி தாண்டிவிட்டால் விவசாயி குறைந்த வயது ரகத்துக்குத்தான் போவார். சன்ன அரிசிக்கு விலை கூடுதல் என்பதாலும் பலர் மாறிவிட்டார்கள். அவர்களுக்கும் வழி உண்டு. சம்பா மசூரியிலேயே சப்1 ஏற்றப்பட்டிருக்கிறது. டெல்டாவில் இன்று அதிகம் பயிராகும் மத்திய வயது ரகங்களிலும் இதை ஏற்றுவதை ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் முதல் வேலையாக எடுக்க வேண்டும்.

விதை ஒரே நாளில் பெருகாது. வல்லுநர் விதை, ஆதார விதை, சான்று விதை என்று படிப்படியாகப் பருவங்கள் கடந்துதான் விவசாயி கைக்கு வரும். வெள்ளம் வந்தபின் கூட்டம் போட்டுப் பயனில்லை. எந்தக் கிராமம் ஆண்டுதோறும் முங்குகிறது என்பது வருவாய்த் துறைக்குத் தெரியும். அந்தப் பட்டியலை வைத்தே விதைப்பண்ணைகளின் பரப்பை முடிவு செய்யட்டும். ஒவ்வொரு வேளாண்மை விரிவாக்க மையமும் கையிருப்பை ஆனி மாதத்திலேயே பலகையில் எழுதி வைக்கட்டும். விவசாயி தானே எடுத்துவைத்த விதையில் கலப்பு இருக்கிறதா என்று பார்க்க, அதே இலைப் பரிசோதனையைக் குறைந்த கட்டணத்தில் செய்துகொடுக்கட்டும். நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். ஒருமுறை நல்ல விதை ஊருக்குள் வந்துவிட்டால் ஊரே அதைப் பெருக்கிக்கொள்ளும்.

கடைமடை விவசாயிகளே, அடுத்த குறைதீர் கூட்டத்தில் நிவாரணத்தோடு சேர்த்து இந்த விதையையும் எழுத்துமூலம் கேளுங்கள்.