உங்கள் ஊர் மேர் யார்?

சென்ற ஆண்டு பாரிஸில் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். எதிர் வீட்டில் ஒரு பிலிப்பைன்ஸ் அம்மாள். மாலையில் நான் பேரனைப் பூங்காவுக்கு அழைத்துப் போகும்போது அவரும் வந்து உட்காருவார். எனக்குப் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு, அவருக்கு வேலை செய்த வீடுகளில் கற்ற பிரெஞ்சு. பேச்சு ஓடியது. தன் ஊர் இவானாவைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், ஒருநாள் சாதாரணமாகக் கேட்டார்: "உங்கள் ஊர் மேர் யார்?"

"மேர் இல்லை, ஆணையர் இருக்கிறார்" என்றேன்.

"அவருக்கு நீங்கள் ஓட்டுப் போட்டீர்களா?"

"இல்லை, அரசாங்கம் நியமித்தது."

அந்த அம்மாள் மரியாதைக்காகப் பேச்சை மாற்றிவிட்டார். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஊர் திரும்பியதும் இவானாவையும் அந்நாட்டு உள்ளாட்சிச் சட்டத்தையும் தேடிப் படித்தேன். குமாஸ்தா புத்தி, லேசில் விடுமா?

பிலிப்பைன்ஸின் வடகோடியில், லூசோனுக்கும் தைவானுக்கும் நடுவே கடலில் கிடக்கிறது படானெஸ் மாகாணம். மக்கள் தொகையிலும் பரப்பிலும் அந்நாட்டின் மிகச் சிறிய மாகாணம் அதுதான். மொத்தமே ஆறு நகராட்சிகள். அதில் ஒன்று இவானா. படான் தீவின் தென்மேற்குக் கரை. எதிரே சப்தாங் தீவு. அங்கே போக இவானா துறையில்தான் படகு ஏற வேண்டும். புயல் அடிக்கடி வரும் ஊர் என்பதால் கனத்த கல்சுவரும் புல்கூரையுமாக வீடு கட்டினார்கள். 1887இல் கட்டிய ஒரு வீடு இன்றும் நிற்கிறது. கடைக்காரர் இல்லாத ஒரு கடையும் உண்டு. வேண்டியதை எடுத்துக்கொண்டு காசைப் பெட்டியில் போட்டுவிட்டு வரலாம்.

ஊரின் மக்கள் தொகை ஆயிரத்து நானூறு அளவில்தான். நம் பக்கத்தில் ஒரு பெரிய தெருவில் இருப்பார்கள். ஆனால் 1991ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி அவர்களுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படும் மேயர், துணை மேயர், எட்டு உறுப்பினர்கள். அதற்குக் கீழே ரடிவான், சலகாவ், சான் விசென்டே, துஹெல் என்று நான்கு பாரங்காய்கள், அதாவது ஊருக்குள் ஊர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தலைவர், ஏழு உறுப்பினர். தவிர, இளைஞர் மன்றத்துக்கும் தனித் தேர்தல், அங்கும் ஒரு தலைவர், ஏழு பேர். கூட்டிப் பார்த்தேன்: எழுபத்து நான்கு பேர்! சுமார் இருபது பேருக்கு ஒரு பிரதிநிதி. சின்னச் சண்டை சச்சரவுகள் முதலில் பாரங்காய் சமரசக் குழுவுக்குத்தான் போக வேண்டும். நேராகக் கோர்ட்டுக்கு ஓட முடியாது.

பணத்துக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். தேசிய வரி வருவாயில் நூற்றுக்கு நாற்பது உள்ளாட்சிகளுக்கு என்பது சட்டம். அதில் நகராட்சிகளின் பங்கு 34 சதவீதம். அதைப் பிரிக்கும்போது பாதி மக்கள் தொகைப்படி, கால் பங்கு பரப்பின்படி, மீதிக் கால் பங்கு எல்லோருக்கும் சமமாக. இந்தச் சமப் பங்குதான் இவானா போன்ற சிற்றூருக்குக் கை கொடுப்பது. இத்தனைக்கும் இன்று புதிதாக ஒரு நகராட்சி அமைக்க அதே சட்டம் கேட்பது 25,000 பேர். அந்தக் கணக்கைப் பார்த்து யாரும் இவானாவைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடவில்லை.

அங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்லவில்லை. அந்நாட்டில் பல ஊர்களில் மேயர் நாற்காலி ஒரே குடும்பத்துக்குள் சுற்றுகிறது. பெரும்பாலான சிற்றூர்கள் மத்தியப் பணத்தை நம்பியே பிழைக்கின்றன. பாரங்காய்த் தேர்தலைத் திரும்பத் திரும்பத் தள்ளிவைத்தார்கள். ஆனால் 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அப்படித் தள்ளிவைத்த சட்டம் செல்லாது என்றது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே தேர்தல் நடந்தது.

இங்கே நம் கதை உங்களுக்கே தெரியும். பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே கொம்யூனும் மேரும் கண்டவர்கள் நாம். 1968இல் தேர்தல், அடுத்தது 2006இல், அதுவும் கோர்ட் தலையிட்ட பிறகு. 2011இல் அந்தப் பதவிக்காலம் முடிந்தபின் நாற்காலிகள் காலி. இடிந்து விழுந்த மேரி கட்டடத்தைப் பழையபடியே அழகாகக் கட்டி முடித்துவிட்டோம். உள்ளே உட்கார மேர்தான் இல்லை.

"அதிகாரிகள் நன்றாகத்தானே பார்க்கிறார்கள்" என்பார் சிலர். நானும் அந்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில் கோப்பு சுமந்தவன். நல்ல அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதிகாரிக்கு மாற்றல் வரும், போய்விடுவார். சாக்கடை நம் தெருவிலேயே இருக்கும். தேர்ந்தெடுத்த ஆள் என்றால் அடுத்த தேர்தலுக்கு நம் வாசலுக்கு வந்தாக வேண்டும். அந்தப் பயம் ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடும்.

அடுத்த கோடையில் மறுபடி பாரிஸ் போகச் சொல்கிறாள் மகள். போனால் அந்த அம்மாளைப் பார்ப்பேன். அவர் மறுபடி கேட்டால் சொல்ல ஒரு பெயர் வேண்டும். கட்சி எதுவானாலும் பரவாயில்லை, ஒரு பெயர்.