கதையின் கடைசியில் நீதி எதற்கு?

முப்பத்து மூன்று வருடம் தொடக்கப் பள்ளியில் வாத்தியாராக இருந்தவன் நான். அதனால் இந்தக் குற்றப்பத்திரிகையில் முதல் பெயர் என்னுடையதுதான்.

பெரம்பலூர் புத்தகத் திருவிழாவில் பேரனுக்காக ஆறு படப் புத்தகங்கள் வாங்கினேன். மகள் வீடு அரியலூரில். பஸ் போய்ச் சேர்வதற்குள் ஆறையும் படித்துவிட்டேன். ஐந்து புத்தகங்களில் கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி ‘நீதி’ போட்டிருந்தார்கள். பொய் சொல்லாதே. பேராசை கூடாது. பெரியவர் சொல் கேள். ஐந்திலும் ஒரே காடு, அதுவும் நம் பக்கம் முளைக்காத மரங்கள். நரிக்கும் முயலுக்கும் ஒரே சிரிப்பு. தமிழோ, ‘முயலானது ஆமையினை நோக்கிக் கூறலாயிற்று’ என்கிற பாணி. எந்தப் பாட்டி இப்படிக் கதை சொன்னாள்?

பேரனை மடியில் வைத்துப் படித்துக் காட்டினேன். முடித்ததும், பழக்கதோஷம், “இதிலேர்ந்து என்னடா தெரிஞ்சுகிட்ட?” என்று கேட்டுவிட்டேன். பையன் முகம் சுருங்கிவிட்டது. “இது பாடமா தாத்தா?” என்று இறங்கிப் போய்விட்டான். எத்தனை நூறு பிள்ளைகளிடம் இதே கேள்வியைக் கேட்டிருப்பேன் என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஆறாவது புத்தகத்தில் நீதி இல்லை. பக்கத்துக்கு ஒரு வரிதான். மறுநாள் அதை அவனே எடுத்து வந்தான். “தாத்தா, இந்த நாய்க்கு ஒரு காது மட்டும் மடிஞ்சிருக்கு பாரு” என்றான். பஸ்ஸில் அதே பக்கத்தைப் படித்த எனக்கு அந்தக் காது தெரியவே இல்லை. எழுத்தில் இல்லாததைப் படத்தில் பிள்ளை தானே கண்டுபிடிக்கிறதே, படப் புத்தகம் அதற்குத்தான்.

ஔவையும் நீதிதானே சொன்னாள் என்பீர்கள். சொன்னாள். நீதியை நீதி என்றே சொன்னாள். கதை என்று கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுக் கடைசியில் பிரம்பை எடுக்கவில்லை.

நல்ல புத்தகமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த வேதாளத்தை என் வயதுக்காரர்கள் மறப்பார்களா? நியூ செஞ்சுரிக்காரர்கள் விற்ற சோவியத் புத்தகங்களின் படங்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. இன்றைக்குத் தூலிகா இருக்கிறது, தாரா இருக்கிறது. பிரதம் நிறுவனத்தின் ஸ்டோரிவீவரில் 2015 முதல் கதைகளை இலவசமாகவே படிக்கலாம். ஆனால் நம் ஊர்க் கடைகளில் முன்வரிசையில் தொங்குவது இவையா?

கதைக்கு விஷயமா இல்லை? நம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறது ஒரு மரம். எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் கண்டறிந்தது. அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கங்களில் கடல் நத்தை போன்ற சுருள் கற்கள் கிடைக்கின்றன. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் இங்கே கடல் இருந்ததற்குச் சாட்சி. 2020-இல் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்ததும் டைனோசர் முட்டை என்று ஒரே பரபரப்பு. முட்டை இல்லை, பழைய கடல் படிவு என்றார்கள் ஆய்வாளர்கள். இதைவிட நல்ல படக் கதை உண்டா? நான் பார்த்தவரையில் யாரும் வரையவில்லை. வரைந்தாலும் கடைசியில் ‘வதந்தியை நம்பாதே’ என்று கட்டம் கட்டிவிடுவார்களோ என்றுதான் பயம்.

பெற்றோர்களே, தாத்தா பாட்டிகளே, புத்தகம் வாங்கும்போது கடைசிப் பக்கத்தை முதலில் திருப்புங்கள். அங்கே நீதி இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். படித்து முடித்ததும் கேள்வி கேட்காதீர்கள். நானும் இப்போது கேட்பதில்லை. அவன்தான் என்னைக் கேட்கிறான், “அந்த நாய்க்கு ஏன் தாத்தா காது மடிஞ்சிருக்கு?” என்று. பதில் எனக்கு இன்னும் தெரியவில்லை.