சேலத்து வழக்கறிஞரின் பொதுவாழ்வு

சேலம் விஜயராகவாச்சாரியாரை (1852–1944) 1920 டிசம்பரில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டின் தலைவராக மட்டும் நினைவுகூர்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவரது பெருமையின் வேர் சென்னையிலோ தில்லியிலோ அன்றி, அவர் வழக்காடிய மாவட்டத் தலைநகரான சேலத்தில்தான் இருக்கிறது. 1882இல் அவ்வூரில் மூண்ட மதக்கலவரத்தைத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, பத்தாண்டுத் தீவாந்தரம், அதாவது கடல் கடந்த தீவுக்கு நாடுகடத்தப்படும் தண்டனை, விதிக்கப்பட்ட அவர், மேல்முறையீட்டில் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார். அத்துடன் ஓய்ந்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால், ஊர் நிர்வாகத்தைக் கவனிக்கும் நகரசபையின் உறுப்பினர் பதவியிலிருந்து அரசு தம்மை நீக்கியது முறையன்று என்று கருதிய அவர், இந்தியாவுக்குப் பொறுப்பான பிரிட்டிஷ் அமைச்சரையே பிரதிவாதியாக்கி, அதாவது வழக்கில் பதில் சொல்லவேண்டிய தரப்பாக்கி, வழக்குத் தொடுத்தார். 1884இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்த அவ்வழக்கில் வென்று இழப்பீடும் பெற்றார். நகரசபையொன்றின் எளிய இருக்கைக்காக ஒருவர் பேரரசையே நீதிமன்றத்துக்கு இழுத்தது மிகையென்று சிலருக்குத் தோன்றலாம். உண்மையில், மக்கள் பணிக்கான இடம் ஆட்சியாளர் விரும்பியபோது பறித்துக்கொள்ளும் சலுகையன்று, சட்டம் காக்கும் உரிமை என்பதை நிலைநாட்டிய அச்செயலே, பின்னாளில் அவர் சட்டமன்றங்களில் ஆற்றிய பணிகள் அனைத்தையும்விட உயர்த்திப் போற்றத்தக்கது.