மடம் விடுதியாமோ?

சிவமயம்

தாமிரபரணி பொதியமலையிற் பிறந்து, பாபநாசத்திற் சமவெளி புகுந்து, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் முதலிய ஊர்களை வளம்படுத்திக் கடல் சேர்கின்றது. இவ்வாற்றங்கரை நெல் விளைவிற் சிறந்தது போலவே சைவ விளைவினுஞ் சிறந்தது. பாபநாசத்துக்கு அணித்தாகிய விக்கிரமசிங்கபுரத்திற் பிறந்தவர் சிவஞான முனிவர். ஸ்ரீவைகுண்டத்திற் பிறந்தவர் குமரகுருபர சுவாமிகள். முன்னவர் திருவாவடுதுறை ஆதீனத்தையும், பின்னவர் தருமபுர ஆதீனத்தையும் அடைந்து ஞானாசிரியர் திருவருள் பெற்றனர். இத்தகைய நாட்டில், மலையடிவாரத்தும் ஆற்றங்கரையினும் உள்ள பழைய மடங்களைப் புதுக்கிச் சுற்றுலாச் செல்வோர்க்கு வாடகை விடுதிகளாக்கலாம் என்று கூறுவாரும் இந்நாளில் உளராயினர். அக்கூற்று சைவர்க்கு ஏலாமை ஈண்டுக் காட்டப்படும்.

அவர் கூறுங் காரணங்கள் மூன்று. மேனாட்டார் அவ்வாறு செய்து நன்மை கண்டனர் என்பது ஒன்று. மடமும் பண்டு வழிப்போக்கர் தங்கிய இடமே என்பது மற்றொன்று. வருவாய் இன்றேற் கட்டடம் இடிந்தொழியும், விடுதியாயிற் பிழைக்கும் என்பது பிறிதொன்று. இவை முறையே ஆராயத்தக்கன.

மேனாட்டிற் பல துறவியர் மடங்கள் விடுதிகளாயின என்பது உண்மையே. ஸ்பெயின் தேசத்தில் சில் என்னும் ஆற்றின் பள்ளத்தாக்கிலே, மலைக்காட்டின் நடுவே, சாந்தோ எஸ்டேவோ என்னும் பழைய மடம் ஒன்றுளது. மூன்று முற்றங்களையுடைய அப்பெருங்கட்டடம் 2004-ஆம் ஆண்டு முதல் அரசாங்க விடுதியாக நடைபெறுகின்றது. இத்தாலி தேசத்தில், எட்னா என்னும் எரிமலை தோன்றும் தவோர்மினா நகரத்து தோமினிக்குத் துறவியர் மடம் 1896-லேயே விடுதியாயிற்று. ஆயினும், அவை விடுதியான வரலாற்றினை இவர் முற்றும் நோக்கினாரல்லர். ஸ்பெயின் அரசாங்கம் 1835, 1836-ஆம் ஆண்டுகளில் மடங்களைக் கலைத்து, அவற்றின் சொத்துக்களைப் பறிமுதல் செய்து விற்றது. இத்தாலியில் 1866-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாறே செய்தது. துறவியர் வெளியேற்றப்பட்டனர்; வழிபாடு நின்றது; சுவர்கள் மாத்திரம் எஞ்சின. உயிர் நீங்கிய உடம்பினுள் விடுதி பின்னர்ப் புகுந்தது. தமிழ்நாட்டு மடங்களோ குருமரபும் பூசையும் அறாது வருவன. அங்கே உயிர் போனபின் செய்ததனை இங்கே உயிர் இருக்கும்போதே செய்க என்பது எத்துணைப் பொருத்தமுடையது? அயலார் தமக்கு நேர்ந்த கேட்டின் எச்சத்தைக் கொண்டு பிழைக்கின்றனர். அதனை நன்மையென மயங்கி, எச்சத்தைப் பெறும்பொருட்டுக் கேட்டினையும் வரவழைத்தல் அறிவுடைமையன்று.

இனி, மடம் வழிப்போக்கர் தங்கிய இடமன்றோ எனின், ஆம், தங்கினர். ஆனால் எவ்வாறு தங்கினர்? விருந்தினராய்த் தங்கினர், வாடகை கொடுத்துத் தங்கினரல்லர். விருந்தோம்பலாவது, வந்தவரைச் சிவனடியாரென மதித்து, உள்ளதனை இட்டு மகிழ்தல். வாடகையாவது, வந்தவர் பொருளினை மதித்து, அதற்கேற்ப இடம் அளத்தல். மாகேசுர பூசைப் பந்தியில் அமர்ந்தவரைப் பரமசிவனாகக் காண்பது சைவ முறை. விடுதியில் அமர்ந்தவரைப் பணப்பையாகக் காண்பது வாணிக முறை. வாணிகம் குற்றமன்று, அதற்குரிய இடம் கடைவீதி. அப்பூதியடிகள் திங்களூரில் திருநாவுக்கரசர் திருப்பெயரால் தண்ணீர்ப்பந்தல் வைத்தார். அந்நீருக்கு விலை குறித்திருப்பின் அவரைச் சேக்கிழார் பாடியிருப்பாரோ?

சிவஞான முனிவர் வரலாறே இதற்குத் தக்க சான்று. அவர் சிறுவராய் இருந்தபோது, வீதியில் எழுந்தருளிய திருவாவடுதுறைத் தம்பிரான்களைத் தம் இல்லத்துக்கு அழைத்துவந்து அமுது செய்வித்தார். பின்னர் அவர்களோடு சென்று, சுசீந்திரத்து மடத்தில் வேலப்ப தேசிகர்பால் துறவும் உபதேசமும் பெற்றார் என்பர். ஒருநாள் இட்ட விருந்தின் பயனாகச் சிவஞான போத மாபாடியம் சைவவுலகுக்குக் கிடைத்தது. அறை வாடகைச் சீட்டிலிருந்து எந்நூல் பிறக்கும்?

மேலும், மடத்தில் உள்ள ஒவ்வோரிடத்துக்கும் ஒரு பயன் உண்டு. ஞானாசிரியர் நிட்டை கூடும் ஒடுக்கம், ஆன்மார்த்த பூசைக்கட்டு, முன்னோர் சமாதியாகிய குருமூர்த்தம், ஏட்டுச் சுவடிகள் காத்த நூற்சாலை, அன்னம் பாலிக்கும் பந்திக்கட்டு என்பன அவை. விடுதியாக்கின் ஒடுக்கம் உயர்ந்த வாடகை பெறும் அறையாகும். பந்திக்கட்டு, புலாலும் மதுவும் விலக்கப்படாத உணவுச்சாலையாகும். சுவடியிருந்த பலகை நிழற்படம் எடுப்பதற்கு அலங்காரமாகும். குருமூர்த்தத்தின் பக்கத்தே களியாட்டு நிகழும். அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் அரனெனக் கண்டு வழிபடுக என்பது சிவஞான போதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தின் கருத்து. அதனை ஓதும் சைவர், அடியார் வாழ்ந்த இடத்தை இந்நிலைக்கு விடுதல் அமையுமோ?

இனி வருவாய் பற்றிய கூற்று. இஃதொன்றே சற்று வலியுடையது. ஒழுகும் கூரையையும் ஆலமரம் முளைத்த சுவரையும் கண்டு வருந்துவோர் வருத்தம் பொய்யன்று. ஆயினும், முன்னோர் மடங்களுக்கு நிலம் எழுதிவைத்தது பூசைக்கும், அன்னதானத்துக்கும், கல்விக்குமாம். குத்தகை நிலுவையை வாங்காது விட்டு, நிலம் கைமாறுவதனைப் பாராதிருந்து, பின் வருவாய் இல்லையென மடத்தையே வாடகைக்கு விடுதல், வேலியை விற்றுப் பயிரைக் காப்போம் என்பது போலும்.

மடம் மடாதிபதிக்கும் தனியுடைமையன்று. மடத்தலைவர் தம் காலத்துக்கு அப்பாலும் செல்லும்படி மடத்து நிலத்தை நிரந்தரக் குத்தகைக்கு விட்டது, தக்க அவசியமின்மையால், பின் வருவோரைக் கட்டுப்படுத்தாது என்று 1921-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. 1959-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவும், ஆணையர் அனுமதியின்றி ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகை செல்லாதெனக் கூறுகின்றது. அனுமதி பெற்றால் ஆகாதோ எனின், சட்டம் இடங்கொடுப்பன எல்லாம் சமயம் இடங்கொடுப்பனவல்ல என்க. ஐந்தாண்டுக்குட்பட்ட குத்தகையாயினும், எழுதிவைத்தவர் கருதிய பயன் கெடுமாயின் அஃது அறமாகாது.

அற்றேல், மடங்களில் எவரும் தங்குதல் கூடாதோ எனின், அங்ஙனமன்று. தங்கல் வேண்டும். 2018-ஆம் ஆண்டு அக்டோபரில் தாமிரபரணிப் புஷ்கரம் நிகழ்ந்தபோது படித்துறைதோறும் யாத்திரிகர் திரண்டனர். குற்றாலத்திற் சாரல் பொழியுங் காலத்தும் அடியார் பலர் வருகின்றனர். அவர்க்கு இடமும் எளிய அமுதும் அளிப்பதும், அவர் மனமுவந்து இடும் காணிக்கையைத் திருப்பணிக்கு ஆக்குவதும் மடத்துக்கு உரியனவே. யாத்திரிகர் மிகுவராயின், மடத்துக்கு வெளியே சத்திரம் கட்டிப் பராமரிப்புக்குரிய சிறு தொகை பெறுவதனையும் ஒருவரும் தடுக்கார். தடுக்கப்படுவது மடத்தின் உள்ளிடத்தை விலைப்படுத்தலேயாம்.

பழியெல்லாம் விடுதி கேட்போர் மேலதன்று. பாடஞ் சொல்வாரும் கேட்பாரும் நிறைந்த மடத்தின் வாயிலில் நின்று, அறை வாடகை யாது என வினவ எவரும் துணியார். உ. வே. சாமிநாதையர் திருவாவடுதுறை மடத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்டவர். 1887-இல் அவர் பதிப்பித்த சீவக சிந்தாமணிக்குப் பின்னே அம்மடத்துத் திண்ணையும் அன்னமும் உள்ளன. திருவாவடுதுறை ஆதீனம் இந்நாளிற் பல ஊர்களில் சைவ சித்தாந்தப் பயிற்சி மையங்கள் நடத்திவருகின்றது. தாமிரபரணிக் கரையில் வெறுமையாய்க் கிடக்கும் கிளைமடம் ஒவ்வொன்றிலும் அத்தகைய வகுப்பொன்று நிகழ்வதாக. ஓர் ஓதுவார் பத்துச் சிறுவர்க்குத் தேவாரம் பயிற்றுவாராக. அவ்வூர்ச் சைவர் மாதந்தோறும் ஒருபிடி அரிசியும் ஒரு நாழிகைப் பொழுதும் அம்மடத்துக்கு ஈவாராக. அவ்வாறு செய்யாத சைவர், விடுதி வந்தபின் அழுவதாற் பயனில்லை.

ஆசிரியனும் மாணாக்கனும் உள்ள ஓலைக்குடிசையும் மடமே. அவ்விருவரும் இல்லாத பளிங்கு மாளிகை, எவ்வளவு பழமையுடையதாயினும், மடமாகாது. மடத்தைக் காத்தலாவது இவ்விருவரையும் காத்தலேயாம்.

திருச்சிற்றம்பலம்.