நாயின் காலை எடுக்கச் சொன்னால்...

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு நாய் புதிதல்ல. விடியற்காலை பெரட்டுக்குப் போகும்போது பின்னாலேயே ஓடி வரும். பால் வெட்டும் நிரையில் பாம்பு கிடந்தால் குரைத்துக் காட்டும். வேலை முடிந்து நாம் திரும்பும்வரை லயத்து வாசலில் படுத்திருக்கும். இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் ரப்பர்த் தோட்டங்கள் பெரும்பாலும் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. மிஞ்சியிருப்பது செம்பனைக் காடு. நம்மவர்கள் கிள்ளான், பூச்சோங், பிரிக்பீல்ட்ஸ் என்று எங்கெங்கோ குடிபெயர்ந்துவிட்டார்கள். ஆனால் நாயை மட்டும் விட்டுவிட மனம் வரவில்லை பலருக்கு.

அந்த நாய்க்கு அடிபடுகிறது. துறைமுகக் கிள்ளான் சாலையில் கொள்கலன் லோரி ஏற்றிவிட்டுப் போகிறது. அல்லது, செம்பனைக் காட்டில் பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியில் கால் மாட்டி, இரண்டு நாள் கழித்து இழுத்துக்கொண்டு வருகிறது. கால்நடை டாக்டர் பார்த்துவிட்டு, "காலை எடுத்துவிடலாம்" என்கிறார். அவ்வளவுதான், வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிடுகிறது. "மூணு காலோட அது எப்படி நடக்கும்?" என்கிறார் அப்பா. "பாவம், ஊசி போட்டு முடிச்சிடுங்க" என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். "எண்ணெய் போட்டு நீவினா சரியாப் போயிடும், காலை மட்டும் வெட்டாதீங்கய்யா" என்கிறார் பாட்டி. முடிவெடுக்காமலே மூன்று வாரம் ஓடிவிடுகிறது. காயத்தில் புழு வைத்துவிடுகிறது.

இந்த மூன்று பேச்சிலும் நாயின் வலி எங்கே இருக்கிறது என்று நாம் கேட்கிறோம்.

நம்மவர்கள் பயப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. பாட்டாளிக்குக் கால்தான் சோறு. இனிப்பு நீர் வந்து பாதம் அழுகி, பெரிய ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டு வந்த சொந்தக்காரர் ஒருவராவது நம்மில் பல வீடுகளில் உண்டு. அதோடு வேலை போயிற்று, திருமண வீட்டுக்குப் போவது நின்றது, நாலு பேர் முகத்தில் விழிக்கக் கூச்சம் வந்தது. அந்தத் துயரத்தை அப்படியே தூக்கி நாயின் மேல் வைத்துப் பார்க்கிறோம். நாய்க்குச் சம்பளம் ஏது? 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்ற கவலை ஏது? அதற்கு வலி போக வேண்டும், சாப்பாடு வேண்டும், நம் பின்னால் வர வேண்டும்.

நாயின் உடற்கட்டையும் பார்க்க வேண்டும். நாய் நிற்கும்போது அதன் பாரத்தில் ஏறக்குறைய 60 பங்கு முன்னங்கால்களிலும் 40 பங்கு பின்னங்கால்களிலும் விழுகிறது. ஆகவே பின்னங்கால் போனால் சுலபமாகச் சமாளிக்கும். முன்னங்கால் போனால் கொஞ்சம் கஷ்டம், ஆனாலும் பழகிவிடும். 1999-ல் நெதர்லாந்தில், காலெடுத்த நாய்களை வளர்க்கும் 44 பேரிடம் விசாரித்த கால்நடை மருத்துவர்கள், பெரும்பாலான நாய்கள் ஒரு மாதத்துக்குள் பழகிவிட்டதாக எழுதினார்கள். அடுத்த நாளே எழுந்து நிற்கும் நாய்களும் உண்டு. நம் அண்டை நாடான தாய்லாந்தில் 2016-ல், காலணியைக் கடித்துவிட்டதென்று பக்கத்து வீட்டுக்காரன் ஒருவன் கோலா என்ற நாயின் முன்னங்கால்கள் இரண்டையும் வெட்டிப்போட்டான். பூக்கெட்டில் உள்ள நாய்கள் காப்பகம் அதற்குச் செயற்கைக் கால்கள் பொருத்தி ஓட வைத்தது. இரண்டு கால் போன நாயே ஓடியிருக்கிறது!

அதற்காக டாக்டர் கத்தியை எடுத்ததும் தலையாட்டிவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. 2016 ஜூலையில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், மருத்துவ மாணவன் ஒருவன் மொட்டை மாடியிலிருந்து ஒரு நாயைத் தூக்கி எறிந்த காட்சியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பத்ரா என்று பெயர் வைக்கப்பட்ட அந்த நாய் பின்னங்கால் எலும்பு முறிந்தும் பிழைத்தது; சிகிச்சையில் தேறி நடந்தது. முறிந்த எலும்பு கூடும். ரத்த ஓட்டம் நின்று கறுத்துப்போன கால் கூடாது. சதை அழுகிவிட்டால், எலும்பு நொறுங்கிப் பொருத்த முடியாமல் போனால், எலும்பில் புற்றுநோய் வந்தால், காலை எடுப்பதுதான் வைத்தியம். நரம்பு அறுந்த கதை வேறு. லோரி இழுத்தடித்ததில் முன்னங்காலின் நரம்பு வேரோடு பிய்ந்துவிட்டால், கால் தொங்கும். பாதத்தின் மேல்புறம் தரையில் உரசிப் புண்ணாகும். நாய் தன் விரலைத் தானே கடித்துத் தின்னவும் செய்யும். நரம்பு முழுதும் பிய்யாமல் இருந்தால் சில வாரங்களில், சமயத்தில் சில மாதங்களில், உணர்ச்சி திரும்பலாம். எனவே டாக்டரிடம் கேளுங்கள்: "விரலை அழுத்தினால் இதுக்குத் தெரியுதா? கட்டுப் போட்டுக் கொஞ்ச நாள் பார்க்கலாமா?" காத்திருக்கலாம் என்றால் கட்டோடு, மருந்தோடு காத்திருங்கள். எண்ணெய் நீவிக்கொண்டு காத்திருப்பது வேறு விஷயம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். பாதத்தில்தானே காயம், தொடை வரைக்கும் ஏன் எடுக்கணும் என்று பலர் டாக்டரிடம் சண்டைக்கே போகிறார்கள். அரைகுறைக் காலை விட்டால் நாய் அதை ஊன்றப் பார்க்கும். தரையில் இடித்து இடித்துப் புண்ணாகி, மறுபடியும் மேஜையில் படுக்க வேண்டிவரும். அதனால்தான் மேலேயே எடுக்கிறார்கள்.

எடுக்கக் கூடாத நாயும் உண்டு. மற்றொரு பின்னங்காலிலும் இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தால், உடம்பு மிகவும் பெருத்து எழவே முடியாமல் கிடந்தால், வயதாகி இதயமும் சிறுநீரகமும் கெட்டிருந்தால், அங்கே பக்கத்து வீட்டு அண்ணன் சொன்ன ஊசிதான் கருணை.

இனிப் பணம். இதைப் பேசாமல் நாய்ப் பாசம் பேசுவது வசதியுள்ளவன் பேச்சு. 2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. தனியார் கிளினிக்கில் இந்த ஆப்பரேஷன் ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கிவிடக் கூடும். பிள்ளையின் பள்ளிச் செலவா, நாயின் காலா என்று ஒரு தாய் யோசித்தால் அவரைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. ஆனால், பணம் இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, அடிபட்ட நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்ப் பசார் பக்கம் விட்டுவிட்டு வருகிறார்களே, அதை நாம் ஏற்க மாட்டோம். 2015-ஆம் ஆண்டு விலங்கு நல்வாழ்வுச் சட்டப்படி, வளர்க்கும் பிராணியை வலியிலிருந்தும் காயத்திலிருந்தும் காப்பது வளர்ப்பவரின் கடமை. கொடுமை செய்ததாக நிரூபணமானால் 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். வாயைத் திறந்து டாக்டரிடம் கேளுங்கள்: மொத்தச் செலவு எவ்வளவு, தவணை உண்டா என்று. அம்பாங்கில் எஸ்பிசிஏ இருக்கிறது, செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. அங்கேயும் விசாரியுங்கள். எந்த வழியும் இல்லை, வலியோ தாங்கவில்லை என்றால், மடியில் தலையை வைத்துக்கொண்டு ஊசி போடச் சொல்வது பாவமல்ல. அழுக விட்டு வேடிக்கை பார்ப்பதுதான் பாவம்.

கம்பிக் கண்ணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பன்றி இறைச்சிக்கு ஆசைப்பட்டு இதை வைப்பவர்களில் நம் ஆட்களும் உண்டு, மறைத்துப் பயனில்லை. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அனுமதியில்லாமல் கண்ணி வைத்திருப்பதே குற்றம். அதில் மாட்டுவது பன்றி மட்டுமா? தோட்டத்தில் கம்பி கண்ணில் பட்டால் மண்டோரிடம் சொல்லி எடுத்துவிடுங்கள்.

அடிபட்ட நாய், வளர்த்தவனையே கடிக்கும். வாயைத் துணியால் தளர்வாகக் கட்டி, பலகையில் கிடத்தித் தூக்குங்கள். மூச்சுத் திணறினாலோ வாந்தி எடுத்தாலோ கட்டை அவிழ்த்துவிடுங்கள். பெனடோல் கொடுக்காதீர்கள், நமக்கு ஆகும் வலி மாத்திரை நாய்க்கு விஷமாகலாம். புண்ணில் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். காலெடுத்து வீட்டுக்கு வந்ததும், வழுக்கும் சிமெண்டுத் தரையில் கோணிச் சாக்கை விரித்துவிடுங்கள். தையல் பிரிக்கும்வரை நக்க விடாதீர்கள். பாவம் பாவம் என்று மீதிச் சோற்றையெல்லாம் கொட்டிக் கொழுக்க வைக்காதீர்கள். மூன்று காலுக்கு அந்தப் பாரம் தாங்காது. நாய்க்கு லைசென்ஸ் எடுத்து வில்லையைக் கழுத்தில் கட்டிவிட்டு, வாசல் கேட்டைப் பூட்டி வையுங்கள். நகராண்மைக் கழக வண்டி வந்தால், மற்ற நாய்கள் ஓடிவிடும், இதனால் அவ்வளவு வேகமாக ஓட முடியாது.