ரிமூவர் டப்பாவைத் திறக்குமுன்



லீவுக்கு ஊருக்குப் போனதும் அப்பாவின் பழைய புல்லட்டைப் பிரித்துப் புது பெயிண்ட் அடிக்கப்போகிறேன் என்று சொல்லும் தம்பிகள் நம்மிடையே உண்டு. இங்கே சோஹாரிலேயே, வெள்ளிக்கிழமை மத்தியானம் ரூமுக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு எஞ்சின் பாகங்களைச் சுரண்டுகிறவர்களும் உண்டு. நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் பழைய பெயிண்டை எதை வைத்து எடுக்கிறீர்கள் என்பதில் எனக்குக் கவலை இருக்கிறது.

முதலில் உலோகத்தைப் பாருங்கள். பழைய புல்லட் எஞ்சினில் சிலிண்டர் பேரல் வார்ப்பிரும்பு. ஹெட்டும் கிராங்க் கேஸும் அலுமினியம். காஸ்டிக் சோடா கரைசலில் இரும்பை ஊறப்போட்டால் பெயிண்ட் மட்டும் கழன்று வரும். அதே வாளியில் அலுமினியத்தைப் போட்டால் நுரைத்துப் பொங்கி உலோகத்தையே அரித்துவிடும். அப்போது வெளிவருவது ஹைட்ரஜன். பக்கத்தில் ஒரு தீப்பொறி போதும். காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்தாலே எது இரும்பு என்று தெரிந்துவிடும்.

காஸ்டிக் வேண்டாம் என்று கடையில் பெயிண்ட் ரிமூவர் வாங்குகிறோம். பூசிய சில நிமிடங்களிலேயே பெயிண்ட் சுருங்கி எழும்பும். அப்படி வேகமாக வேலை செய்யும் பல ரிமூவர்களில் இருப்பது மெத்திலீன் குளோரைடு. லேபிளில் டைகுளோரோமீத்தேன் என்றும் இருக்கலாம், 75-09-2 என்ற எண்ணும் இருக்கலாம். இது ஏறக்குறைய 40 டிகிரியில் கொதித்துவிடும். ஜூன் மாதத்து சோஹார் வெயிலைச் சொல்லவா வேண்டும்? காரில் கிடந்த டப்பாவைத் திறந்தால் முகத்தில் பீறிட்டு அடிக்கும். ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படிந்து நிற்கும். குனிந்து உட்கார்ந்து வேலை செய்கிறவன் மூக்கு அங்கேதான் இருக்கிறது.

மூச்சில் போன இந்த ஆவியில் ஒரு பகுதியை நம் ஈரல் கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறது. புகையும் இல்லை, நெருப்பும் இல்லை, ஆனால் ரத்தத்தில் புகை விஷம்! வெளியே வந்த பிறகும் சில மணி நேரம் அது உண்டாகிக்கொண்டே இருக்கும். 1976-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரையில், ரிமூவர் வைத்து மேஜை நாற்காலி சுரண்டிய ஒரு முதியவருக்கு அந்த வேலைக்குப் பின் மாரடைப்பு வந்ததை டாக்டர்கள் எழுதினார்கள். பிறகும் அதே வேலையைச் செய்தார், மறுபடி மாரடைப்பு. மூன்றாவது முறை இறந்துபோனார். குளியல் தொட்டிக்குப் புது பூச்சு அடிக்கும் தொழிலாளர் 13 பேர் 2000 முதல் 2011 வரை அமெரிக்காவில் இதனால் மாண்டார்கள். இவர்களைக் கொன்றது பெரும்பாலும் மூடிய குளியலறையில் தேங்கிய ஆவியின் மயக்கம்தான். 2019-ல் அங்கே வீட்டுக்காரர்களுக்கு இந்த ரிமூவர் விற்பதைத் தடை செய்தார்கள்.

எங்கள் வார்டில் போடும் மாஸ்க் இந்த ஆவியைத் தடுக்காது, என்95-ம் தடுக்காது. நீலக் கையுறையையும் கொஞ்ச நேரத்தில் ஊடுருவிவிடும். இன்னொன்று: தலைவலி, வாந்தி என்று சொல்பவனின் விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டினால் 98 என்று காட்டலாம். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அந்தக் கருவி நல்ல ரத்தம் என்றே எண்ணிக்கொள்ளும். நம்பர் நன்றாக இருக்கிறதே என்று படுக்கப் போகாதீர்கள்.

பென்சைல் ஆல்கஹால் சேர்ந்த ரிமூவர் கேட்டு வாங்கலாம். மெதுவாகத்தான் வேலை செய்யும்; பூசி, பாலிதீன் சுற்றி, ராத்திரி முழுவதும் விட வேண்டும். அதையும் திறந்த வெளியில், கண்ணாடியும் கையுறையும் போட்டுச் செய்யுங்கள். அவசரமென்றால் வசதியுள்ள ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். குளோரின் கலந்த ரிமூவர் பட்ட பாகத்தை நன்றாகக் கழுவிக் காயவைக்காமல் வெல்டிங் பக்கம் கொண்டுபோகவே கூடாது. சூட்டில் பாஸ்ஜீன் என்ற கொடிய வாயு உண்டாகும்.

காஸ்டிக் கண்ணில் பட்டால் எலுமிச்சை, வினிகர் என்று தேடாமல் குறைந்தது 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ரூமுக்குள் ஒருவன் மயங்கிக் கிடந்தால் தடதடவென்று உள்ளே ஓடாதீர்கள், போனவனும் விழுவான். கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு உடனே 9999-க்குக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரிக்கு வரும்போது டப்பாவின் லேபிளைப் போட்டோ எடுத்து வாருங்கள். என்ன விஷம் என்று தேடும் நேரம் எங்களுக்கு மிச்சமாகும்.